களை முளைக்குமுன்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்த சமயத்தில் அன்பர் ஒருவர் என்னருகே வந்து, "மழைக்காலத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசல் காடாக மண்டிப் போகிறது. உங்கள் வீட்டுப் புல்தரை மட்டும் பாய் விரித்தாற்போல் இருக்கிறதே, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். "களை முளைப்பதற்கு முன்பே மருந்து தெளித்துவிடுகிறேன்" என்றேன். "முளைக்காத களைக்கு மருந்தா?" என்று அவர் சிரித்துவிட்டார். அருகில் நின்ற நம் பத்திரிகைப் பொறுப்பாளர், "இதையே ஒரு கட்டுரையாக எழுதித் தாருங்கள், மழைக்கு முன் வெளியிடலாம்" என்று பிடித்துக்கொண்டார்.

சம்மதித்துவிட்டேனே தவிர, வீட்டிற்குத் திரும்பும் வழியெல்லாம் சங்கடமாகவே இருந்தது. நான் தாவர சாஸ்திரம் படித்தவனல்லன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, சரக்குக் கணக்கு எழுதிக் காலம் தள்ளுகிறவன். அன்றியும், இந்த மருந்து விஷயத்தில் நான் செய்த பிழைகள் மூன்று. முதல் இரண்டால் நஷ்டம் எனக்கு. மூன்றாவதால் நஷ்டம் பிறருக்கு. அதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எழுதினால் அந்த அன்பருக்கு நான் சொன்னது பாதி உண்மையாகத்தான் இருக்கும். ஆகையால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஜபல்பூருக்கு நான் மாற்றலாகி வந்தபோது எனக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் பழைய காலத்துக் கட்டடம். முன்புறம் பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலத்திற்கு ஒரு புல்தரை. எனக்கு முன் குடியிருந்தவர் யாரோ ஆசையாக வைத்து வளர்த்த அறுகு. இங்கே அதைத் தூப் என்பார்கள். மாலையில் என் இரு குழந்தைகளும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளும் அதில்தான் விளையாடுவார்கள். கோடையில் காய்ந்து பழுத்துக் கிடக்கும் அந்த அறுகு, முதல் மழைக்கு இரண்டே நாளில் பச்சை பிடித்துவிடும். ஆனால் அதற்கடுத்த வாரமே அதன் நடுவில் வேறு பல பச்சைகளும் தலைநீட்டத் தொடங்கும்.

கேழ்வரகுக்கு உறவான ஒரு முரட்டுப் புல் வட்டமாகப் படர்ந்து தரையோடு ஒட்டிக்கொள்ளும். பிடுங்கினால் கை வலிக்குமே தவிர வேர் வராது. விரல் விரலாகக் கதிர் விடும் இன்னொரு புல் கணுவுக்குக் கணு வேரூன்றிப் போகும். புளியாரை, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி யாவும் உண்டு. ஊரில் காமாலைக்கு மருந்தென்று தேடிப் போகும் கீழாநெல்லியை இங்கே களையென்று பிடுங்கி எறிவதில் எனக்குச் சிறிது வருத்தம்தான். ஆகஸ்டு மாதம் ஆனால் அறுகு எது, களை எது என்று தெரியாது. குழந்தைகள் இறங்கப் பயப்படுவார்கள். முழங்கால் உயரப் பச்சையில் என்ன ஊர்கிறதோ யாருக்குத் தெரியும்?

2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் கடைவீதியில் ஒரு மருந்துக் கடைக்குச் சென்று, களைக்கு மருந்து வேண்டுமென்றேன். கடைக்காரர் பெண்டிமெத்தலின் என்னும் மருந்தை எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் நிறத் திரவம். நூற்றுக்கு 30 பங்கு சரக்கு உள்ளது. அந்த வாரமே தெளித்தேன். களைகள் அதைக் குடித்துவிட்டு முன்னிலும் செழிப்பாக வளர்ந்தாற்போல் எனக்குத் தோன்றிற்று. போலி மருந்து என்று முடிவு கட்டி, அந்தக் கடைக்காரரை மனத்திற்குள் நன்றாகவே வைதேன்.

மருந்தில் குற்றமில்லை. அந்தப் புட்டியோடு ஒட்டியிருந்த சீட்டை நான் படிக்கவில்லை. களைமருந்துகளில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டென்பதும், முளைத்து நிற்கும் செடியைக் கொல்வது ஒன்று, முளைவிடும் விதையைத் தடுப்பது மற்றொன்று என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெண்டிமெத்தலின் இரண்டாவது வகை. வளர்ந்த செடியை அது அநேகமாக ஒன்றும் செய்யாது.

அது வேலை செய்யும் விதம் விசித்திரமானது. விதையை அது விதையாகவே கொல்வதில்லை. உலர்ந்து உறங்கும் விதை எத்தனை மாதம் மருந்தோடு கிடந்தாலும் அப்படியே கிடக்கும். விதை ஈரம் குடித்து, வேர்முனையும் குருத்தும் வெளியே நீட்டும்போதுதான் மருந்துக்கு வேலை. வேரும் குருத்தும் நீளவேண்டுமானால் அவற்றின் நுனியில் உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டே போகவேண்டும். இந்த மருந்து அப்படிப் பிரிவதைத் தடுத்துவிடுகிறது. வேர் நீளாமல் நுனி தடித்து, குண்டூசித் தலை போலாகி, முளை மண்ணுக்குள்ளேயே மடிந்துவிடுகிறது. மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது. மண்ணை இறுகப் பற்றிக்கொண்டு மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாக நின்றுவிடும். சிறு களைகளின் விதைகள் பெரும்பாலும் மேல்மண்ணில்தானே கிடக்கின்றன! ஆழத்தில் ஏற்கெனவே வேர் பரப்பிய அறுகுக்கு அதனால் பெரிய கெடுதலில்லை.

இதிலிருந்தே இரண்டு செய்திகள் தெரியும். கோரைக்கு இது பயன்படாது, ஏனெனில் கோரை விதையினால் வருவதைவிடக் கிழங்கினால் வருவதே அதிகம். இங்கே மோத்தா என்று பெயர். கிழங்கோடு தோண்டி எடுப்பதைத் தவிர இந்த மருந்தில் அதற்கு வழியில்லை. அடுத்தது, புல்தரையில் சொட்டையான இடங்களில் புதிதாக அறுகு நடவேண்டுமானால் மருந்துக்குப் பல மாதம் முன்பே நட்டு வேரூன்றச் செய்யவேண்டும். மருந்துப் படலத்தின் மேல் ஓடும் அறுகின் கொடி கணுவில் வேர்விட முயன்றால் அந்த வேரும் குண்டூசித் தலையாகிவிடும். இந்த ஆண்டு வைத்த புல்தரைக்கு இந்த ஆண்டே இதைத் தெளிக்கலாகாது.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பின் நான் செய்த இரண்டாவது பிழைதான் வேடிக்கை. முன்பே தெளிக்க வேண்டுமென்றால் மிகவும் முன்பே தெளித்துவிடுவோமே என்று 2023ஆம் ஆண்டு மே மாத முதல் வாரத்தில் தெளித்தேன். ஜபல்பூரின் மே மாதம் எப்படியிருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெய்யில் 42 டிகிரிக்கு மேல் ஏறும். கரிசல் மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். தெளித்த மருந்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் ஊற்றவில்லை. மண்ணுக்குள் இறங்காமல் மேலே காய்ந்த மருந்தில் ஒரு பகுதி வெய்யிலில் ஆவியாகும், ஒரு பகுதி வெளிச்சத்தில் சிதையும். மிஞ்சியதும் மழை வருவதற்குள் பாதி வலுவிழந்துவிட்டது. ஜூலையில் வழக்கம்போல் காடு.

அந்த ஆண்டு மழைக்காலத்தில்தான் ஒரு விவசாய அதிகாரியைச் சந்திக்கும் பாக்கியம் கிடைத்தது. சரக்கு விஷயமாக எங்கள் ஆபீசுக்கு வந்தவர். பேச்சுவாக்கில் என் சங்கதியைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் புல்தரையில் களைவிதை எதற்காகக் காத்திருக்கிறது?" என்பது. எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார்.

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு புல்தரை வளர்க்கிறார்கள். அங்கே மாரிக்காலத்தில் மண் உறைந்து கிடக்கும். களைவிதை காத்திருப்பது சூட்டுக்காக. மேல்மண்ணின் வெப்பம் சில நாட்கள் தொடர்ந்து 13 டிகிரிக்கு வந்துவிட்டால் கோடைக்களைகள் கண் விழிக்கத் தொடங்கும். ஆகவே அங்கே மண்ணில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தும், வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கும் ஃபோர்சித்தியா என்னும் புதரைப் பார்த்தும் நாள் குறிக்கிறார்கள். நம் நாட்டின் சமவெளியில் மே மாதத்தில் சூட்டுக்கு என்ன பஞ்சம்? இங்கே விதை காத்திருப்பது ஈரத்திற்காக. ஆகவே நம்முடைய மருந்து நாளை நிச்சயிப்பது மழை.

எனக்கு உடனே என் பாட்டியின் நினைவு வந்தது. ஊரில் அவள் ஐப்பசி பிறந்தால்தான் கொல்லைக் களையைப் பற்றிக் கவலைப்படுவாள்; அங்கே பெருமழை வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் நான்கு மாதம் பிந்திப் போவோம். நாம் குடியேறியிருக்கும் ஊர்களுக்குத் தென்மேற்குப் பருவமே மழை. கேரளத்தில் ஜூன் 1ஆம் தேதியையும், பம்பாயில் 11ஆம் தேதியையும், டில்லியில் 27ஆம் தேதியையும் வானிலை இலாகா வழக்கமான நாளாக வைத்திருக்கிறது. ஜபல்பூரில் ஜூன் மாதப் பாதிக்கு மேல். அவரவர் ஊருக்குரிய நாளுக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் முன்னதாக மருந்து மண்ணில் இருக்கவேண்டும். அதற்குள் கோடை இடி மழை பலமாகப் பெய்துவிட்டால்? அந்த ஈரத்திற்கு முளைத்துவிட்ட முதல் கூட்டத்தைக் கையால் களைந்துவிட்டுப் பிறகு தெளிக்கவேண்டும்; முளைத்ததை மருந்து தொடாது என்பதை மறக்கலாகாது. சோயா பயிரிடும் குடியானவர்கள் விதைத்த மூன்று நாளுக்குள் இதே மருந்தைத் தெளிக்கிறார்களாம். அவர்களுக்கு விதைத்த நாள் தெரியும். நமக்கு விதைப்பது மழை; அது சொல்லிவிட்டு வருவதில்லை.

ஒரு விஷயத்தை அவர் மறைக்காமல் சொன்னார். நான் வாங்கிய புட்டியின் சீட்டில் கோதுமை, பருத்தி, சோயா போன்ற பயிர்களின் பெயர்கள்தாம் உண்டு. வீட்டுப் புல்தரை என்ற பேச்சே இல்லை. அமெரிக்காவில் புல்தரைக்கென்றே இது விற்கப்படுகிறது. அந்த அனுபவத்தை வைத்து, பயிருக்குரிய குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும்படி சொன்னார். அன்றியும், 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட வரைவுப் பட்டியலில் இதன் பெயரும் இருந்தது. 2023இல் முடிவாகத் தடை செய்யப்பட்டவற்றில் இது இல்லை. ஆனாலும் பெயர் ஒருமுறை அடிபட்ட ஆசாமியிடம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருப்போமோ அவ்வளவு ஜாக்கிரதை இதனிடமும் வேண்டும் என்றார். மீன்களுக்கு இது பெரும் நஞ்சு. குளம், கிணறு, வாய்க்கால் பக்கம் இது போகவே கூடாது.

வாய்க்கால் என்று அவர் சொன்னபோது நான் தலையாட்டினேன். எங்கள் வீட்டருகே குளமும் இல்லை, கிணறும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் காற்று அடங்கியிருந்தது. அதற்கு முந்திய ஞாயிறன்று ஒரு ஒத்திகை செய்து வைத்திருந்தேன். தெளிப்பானில் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி, வழக்கமான நடையில் புல்தரை முழுவதும் தெளித்து, எத்தனை லிட்டர் செலவாகிறது என்று பார்த்தேன். சரியாக நான்கு லிட்டர். மருந்தின் அளவு ஒரு ஹெக்டேருக்கு 3.3 லிட்டர். ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். என் தரை 60 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 20 மில்லி வருகிறது. முதல் ஆண்டு நான் புட்டி மூடியால் உத்தேசமாக ஊற்றியது எவ்வளவு என்று பின்னர் அளந்து பார்த்தேன், 70 மில்லி! வேலைக்காகாத காலத்தில் மூன்றரை மடங்கு மருந்தை மண்ணில் கொட்டியிருக்கிறேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாயிருந்தது.

நான்கு லிட்டர் தண்ணீரில் 20 மில்லி கலந்து, பாதியை நீளவாட்டிலும் மீதியை அகலவாட்டிலும் தெளிக்கவேண்டும். அப்போதுதான் விட்டுப்போன இடம் இராது. படலத்தில் ஓரிடம் விட்டுப்போனால் அங்கே மட்டும் களை வட்டமாக முளைத்து நம்மைப் பரிகசிக்கும். தெளித்த இடத்தை மிதிக்காமல் பின்னோக்கி நடப்பது நல்லது. ரப்பர்க் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு இவ்வளவும் வேண்டும். மஞ்சள் கறை துணியில் பட்டால் போகாது. குழந்தைகளை அன்று மாலைவரை உள்ளேயே வைத்தேன். அதற்காக ஒரு கேரம் பலகை வாங்க வேண்டியதாயிற்று.

தெளித்தபின் தண்ணீர் விட்டாலொழிய வேலை பாதிதான். மருந்தை இலையிலிருந்து கழுவி மேல்மண்ணுக்குள் இறக்கவேண்டும். அரை அங்குல மழைக்குச் சமமான தண்ணீர் என்று கணக்கு. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். அரை அங்குலம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். 60 சதுர மீட்டருக்கு 720 லிட்டர். ஜூன் மாதத்தில் எங்கள் காலனிக் குழாயில் காலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர். குடிக்கவும் குளிக்கவும் போக 720 லிட்டருக்கு எங்கே போவது? அன்று மாலை பாதித் தரைக்கும் மறுநாள் காலை மறு பாதிக்குமாக, 15 லிட்டர் வாளியால் 48 வாளி சுமந்தேன். என் மனைவி, "இந்தப் புல்லுக்கு நீங்கள் செய்கிற உபசாரம் என் பெற்றோர் வந்தபோதுகூடச் செய்யவில்லை" என்றாள். அவள் சொன்னது உண்மையே.

இனி மூன்றாவது பிழை.

ஒத்திகையன்று மெதுவாக நடந்த நான், உண்மையில் தெளித்த அன்று ஆபீசுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் வேகமாக நடந்திருக்கிறேன். முடிவில் தெளிப்பானில் ஒரு லிட்டர் கலவை மிஞ்சிவிட்டது. அதை மறுபடியும் தரையிலேயே தெளித்திருக்க வேண்டும். தெளிப்பானைக் கழுவிய தண்ணீரையும் அப்படியே செய்திருக்க வேண்டும். நான் இரண்டையும் மதிலோரத்துச் சாக்கடை வாய்க்காலில் கொட்டிவிட்டுக் குளிக்கப் போனேன்.

மதிலுக்கு அப்பால் ஒரு பாயிண்ட்ஸ்மேன் குடும்பம். அவருக்குச் சொந்த ஊர் சத்தீஸ்கர் பக்கம். அவருடைய மனைவியை நாங்கள் பாபி என்று அழைப்போம். அந்த அம்மாள் மதிலோரத்தில் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஒரு பாத்தி கட்டி, லால் பாஜி என்னும் செங்கீரை போடுவார். ஜூனில் விதைத்தால் ஜூலையில் கட்டுக் கட்டாகக் காலனியில் விற்பார். குழந்தைகளின் பள்ளிக்கூட நோட்டுச் செலவு அந்தக் கீரையில்தான் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். தண்ணீர்ப் பஞ்சத்தில் அந்தச் சாக்கடை வாய்க்காலைத்தான் செங்கல் வைத்து மறித்துப் பாத்திக்குத் திருப்பியிருந்தார். எனக்கு அது தெரியாது என்று சொல்லமாட்டேன். அந்தச் செங்கல்லைத் தினமும் பார்த்திருக்கிறேன், அன்று நினைக்கவில்லை.

மழை வந்தது. என் புல்தரை அந்த ஆண்டுதான் முதன்முறையாகப் புல்தரையாக இருந்தது. முரட்டுப் புல் அங்கொன்றும் இங்கொன்றும்; கீழாநெல்லி சிறிது; மற்றபடி அறுகு. நான் பெருமையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். மதிலுக்கு அப்பால் பாபி விதைக்கடைக்காரரைத் திட்டுவது காதில் விழும். விதைத்த கீரை முளைக்கவில்லை. மறுபடியும் விதைத்தார், அதுவும் முளைக்கவில்லை. பழைய விதையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று கடைக்குப் போய்ச் சண்டையிட்டு, இலவசமாக ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். மூன்றாவது விதைப்பில் நாலைந்து முளை எழுந்து, இரண்டிலை விட்டு, அப்படியே நின்றுவிட்டது.

ஜூலை நடுவில் ஒரு நாள் அவர் அந்த முளையொன்றைப் பிடுங்கி மதில்மேல் வைத்து, "பையா, நீங்கள் படித்தவர், இது என்ன வியாதி என்று பாருங்கள்" என்றார். எடுத்துப் பார்த்தேன். வேர் அரை அங்குலம்கூட இல்லை. நுனி குண்டூசித் தலை போல் தடித்திருந்தது.

ஆபீசில் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். மிஞ்சிய ஒரு லிட்டரில் 5 மில்லி மருந்து. பாத்தி 4 சதுர மீட்டர். என் தரையில் சதுர மீட்டருக்கு நான் உத்தேசித்தது மில்லியில் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பாத்திக்குப் போனது, வழியில் மண் பிடித்துக்கொண்டதைத் தள்ளினாலும், ஒன்றேகால் மில்லி வரை இருக்கலாம். ஏறக்குறைய நான்கு மடங்கு. கீரை விதை கடுகிலும் சிறிது. களைவிதை எது, கீரை விதை எது என்று மருந்துக்குத் தெரியாது.

இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் விதைக்கடைக்காரர் தலையோடு போய்விடும். மூன்றாம் நாள் மாலை மனைவியையும் அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். பாயிண்ட்ஸ்மேன் டியூட்டியில் இருந்தார். பாபி கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பையா, முளைத்த நாலு கீரையைப் போன வாரம் பருப்பில் போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தேனே, ஏதாவது செய்யுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என் நினைவிலேயே வரவில்லை. அப்போதே அந்த விவசாய அதிகாரிக்குப் போன் செய்தேன். நாலைந்து முளையில் பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பாத்தியில் விளைவதை இந்தப் பருவத்தில் இனி உண்ணவேண்டாம் என்றார். மருந்து மேல்மண்ணைப் பற்றிக்கொண்டிருப்பதால் நான்கு விரற்கடை ஆழத்திற்கு மண்ணை வழித்து எடுத்துவிட்டுப் புதுமண் போடும்படி சொன்னார். எடுத்த மண்ணை எந்தச் செடிக்கும் போடவேண்டாம், என் புல்தரை மேலேயே தூவிவிடலாம் என்றும் சொன்னார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையைச் செய்தேன். 4 சதுர மீட்டர்தானே என்று தோன்றும். மண்வெட்டி பிடித்தால்தான் தெரியும். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. இரண்டு மூட்டை மக்கிய சாண எரு வாங்கிப் போட்டதை மறுக்கவில்லை. கடைவீதிக்குப் போய் அந்த விதைக்கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, இலவசப் பொட்டலத்தின் விலையைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "அந்த அம்மாளை வந்து சொல்லச் சொல்லுங்கள், கடை நிறைய ஆள் இருக்கும்போது திட்டிவிட்டுப் போனார்" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பாபி போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆகஸ்டுக் கடைசியில் புதுமண்ணில் போட்ட கீரை நன்றாகவே வந்தது. ஆனால் அந்த ஆண்டின் ஜூலைக் கீரை போனது போனதுதான்.

மருந்தின் காவல் இரண்டு மூன்று மாதம். மழையும் வெப்பமும் சேர்ந்த நம் மண்ணில் அதற்கு முன்பேகூடத் தளர்ந்துவிடும். செப்டம்பரில் சில களைகள் எழுந்தன, கையால் பிடுங்கினேன். பார்த்தீனியம் இரண்டு செடி வந்தது. இங்கே காஜர் காஸ் என்பார்கள். அந்தக் குடும்பத்துச் செடிகளை இந்த மருந்து சரியாகத் தடுப்பதில்லை. ஒரே செடி 15,000க்கும் மேற்பட்ட விதை தள்ளும், தோலில் பட்டால் அரிப்பும் புண்ணும் வரும். ஆகையால் பூப்பதற்கு முன்பே கையுறையோடு வேருடன் எடுத்தேன். இதே ஜபல்பூரில்தான் மத்திய அரசின் களை ஆராய்ச்சி நிலையம் 1989ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் முயற்சியில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 முதல் ஒரு வாரம் இந்தச் செடியைப் பற்றி ஊர் ஊராகச் சொல்லுகிறார்கள். குழந்தைகளைக் கொண்டு இதைப் பிடுங்கச் செய்யலாகாது.

வட நாட்டில் வாழும் நமக்கு இன்னொரு பருவமும் உண்டு. அக்டோபர் பாதிக்குமேல் குளிர் தொடங்கும்போது வேறு வகைக் களைகள் கண் விழிக்கும். அவை காத்திருப்பது ஈரத்திற்கு மட்டுமல்ல, குளிர்ச்சிக்கும். அவற்றைத் தடுக்க வேண்டுமானால் அக்டோபர் தொடக்கத்தில் இன்னொரு முறை தெளிப்பது உண்டு. சென்ற அக்டோபரில் நான் தெளிப்பானை எடுத்து வெளியே வைத்ததைப் பார்த்துவிட்டுப் பாபி மதிலருகே வந்தார். முந்திய கதையை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று எண்ணி, "பாபி, இந்த முறை அளந்து கலக்கிறேன். மிச்சமும் கழுவிய தண்ணீரும் என் தரையிலேயே போகும்" என்றேன்.

"அது சரி பையா. அந்த மூலையில் மட்டும் போடாதீர்கள்" என்று மதிலோரத்தைக் காட்டினார். "அங்கே குளிர்காலத்தில் பத்துவா வருமே. நீங்கள் வருவதற்கு முன்னே இருந்தவர்கள் எங்களைப் பறித்துக்கொள்ள விடுவார்கள்."

பத்துவா என்பது நம்முடைய சக்கரவர்த்திக் கீரை. நான் அதுவரை ஆண்டுதோறும் களையென்று பிடுங்கிக் குப்பையில் போட்டது அதைத்தான். மதிலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, கயிற்றுக்கு இப்பால் மட்டும் தெளித்தேன். அதற்குத் தகுந்தபடி மருந்தையும் குறைத்துக் கணக்கிட்டேன். 50 சதுர மீட்டருக்கு 16.5 மில்லி. கயிற்றுக்கு அப்பால் டிசம்பரில் கீரை முழங்கால் உயரம் வந்தது. பாபி அதைக் கோதுமை மாவில் பிசைந்து ரொட்டி செய்வார்; என் மனைவி பருப்பும் பூண்டும் சேர்த்துக் கடைந்தாள். இந்த ஜூனிலும் அந்தக் கயிறு அங்கேயேதான் இருக்கும்.